திருப்புறத்திலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பூவாருக்கும் நடுவே திருப்புறம் என்னும் ஊர் இருக்கின்றது. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவார்ப் பொழிமுகம் அங்கிருந்து வெகு சமீபம். தென்கிழக்கே சற்றுத் தூரம் சென்றால் பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிறைந்த பூமி. ஒரே வீட்டில் தாத்தா தமிழில் பேச, பேரன் மலையாளத்தில் பதில் சொல்லும் காட்சியை இங்கே காணலாம்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு விழுந்ததேயன்றி உறவு அறுபடவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், அடக்க ஆராதனைக்கு ஓடுவதும் கோட்டின் இரு பக்கமும் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்தப் பகுதியிலிருந்து புறப்பட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் குடியேறியவர்கள் உங்களில் அநேகர் இருப்பீர்கள். உங்கள் அண்ணனோ தம்பியோ வளைகுடா நாடுகளில் வேலை செய்து கொண்டிருக்கலாம். வயதான பெற்றோர் மாத்திரம் ஊரில் இருக்கலாம். அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே இந்தக் கட்டுரை.

திருப்புறத்திலிருந்து துபாய் எவ்வளவு தூரம் என்று ஒரு பள்ளி மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். பூகோளப் புத்தகத்தை விரித்துக் கிலோமீட்டரில் பதில் சொல்லுவான். அங்கே போய் வந்தவரிடம் கேளுங்கள். "நான்கு மணி நேரம்" என்பார். மகனை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கின்ற தாயிடம் கேளுங்கள். "இரண்டு வருஷம்" என்பாள். பல நிறுவனங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகச் சம்பளத்தோடு விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்கும். மூவரும் சொல்லுவது உண்மையே. ஆனால் குடும்பத்தில் ஓர் அவசரம் வரும் நாளில் இந்த மூன்றில் எந்தக் கணக்கு நமக்கு உதவும் என்பதை முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது.

வரைபடம் காட்டும் தூரம்

திருவனந்தபுரம் விமான நிலையம் பழமையானது. 1932 அக்டோபரில் கராச்சிக்கும் பம்பாய்க்கும் இடையே டாட்டா நிறுவனம் தபால் விமானத்தைத் தொடங்கியது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1935-இல், பம்பாயிலிருந்து கோவா, கண்ணூர் வழியாக அதே நிறுவனத்தின் சிறு விமானம் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. 1991-இல் இது சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. திருப்புறத்தாருக்கு மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஜனங்களுக்கும் அயல்நாட்டுக்குப் போகும் வாசல் இதுவே.

இங்கிருந்து துபாய் விமான நிலையத்துக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 2,945 கிலோமீட்டர். மஸ்கட் சற்று அருகில், சுமார் 2,600. தோஹா 3,265. குவைத் 3,800. இவை பூமியின் உருண்டை வடிவத்தைக் கணக்கில் கொண்டு, இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழியை அளந்து சொல்லும் எண்கள்.

இந்த எண்களை நம் நாட்டு ஊர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,235 கிலோமீட்டர். மஸ்கட் நகரம் டெல்லியைவிட 365 கிலோமீட்டர்தான் கூடுதல். மாலத்தீவின் தலைநகரான மாலேயும் நம் சென்னையும் திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டும் 600 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கொழும்பு அதைவிட அருகில், 360 கிலோமீட்டருக்குள். கிழக்கே சிங்கப்பூர் ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர். துபாயைவிடச் சற்றே அதிகம். அயல்நாடு என்றவுடன் வெகுதூரம் என்று நாம் எண்ணுகின்றோம். வரைபடத்தைப் பார்த்தால் அப்படியல்ல.

இன்னொரு விசேஷமும் உண்டு. திருவனந்தபுரத்துக்கும் லண்டனுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 8,400 கிலோமீட்டர். துபாயில் இறங்கி வேறு விமானம் ஏறிப் போனால் 2,945-உம் 5,500-உம் சேர்ந்து 8,445 வரும். ஆக, சுற்றிப் போவதாகத் தோன்றும் இந்த வழியில் கூடுகின்ற தூரம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. துபாய் லண்டன் போகின்ற பாதையிலேயே இருக்கின்றது என்று சொல்லலாம். ஆனால் நேரம் அப்படியல்ல. துபாயில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் மூன்று மணியோ எட்டு மணியோ எந்த வரைபடத்திலும் வராது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சீட்டு எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். விலை மலிவான சீட்டில் இடையிலே காத்திருக்கும் நேரம் மிக அதிகமாக இருக்கக்கூடும்.

நான்கு மணி நேரம் என்பது எப்படி வருகின்றது?

சாதாரணமாக இந்த வழியில் பறக்கும் ஜெட் விமானங்கள் உச்ச உயரத்துக்குப் போன பின்பு மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 2,945-ஐ 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம் வரும். ஆயினும் விமானம் ஓடுதளம் வரை மெதுவாக ஊர்ந்து செல்ல வேண்டும்; பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயர வேண்டும்; திரும்பத் தாழ வேண்டும்; இறங்குவதற்குத் தன் முறை வரும்வரை சில வேளை வட்டமிட வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரத்தைத் தொடுகின்றது. சீட்டில் எழுதியிருக்கும் நேரம், வாசலை விட்டு விமானம் நகரும் நிமிடம் முதல் அடுத்த நிலையத்தில் வாசலில் நிற்கும் நிமிடம் வரை உள்ள கணக்கு.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. குளிர்காலத்தில் வட அரபிக்கடலின் மேலே, வெகு உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசும். அப்போது துபாய்க்குப் போகும் விமானம் எதிர்காற்றில் சற்றுத் தாமதிக்கும். திரும்பி வரும் விமானம் காற்றின் துணையோடு விரைந்து வரும். இடவப்பாதி மழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் காற்றின் திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். ஒரே வழியில், ஒரே விமானத்தில், ஒரு மாதம் எடுக்கும் நேரத்துக்கும் மறு மாதம் எடுக்கும் நேரத்துக்கும் சில நிமிட வித்தியாசம் வருவது இதனால்தான்.

கடிகாரத்தை எச்சரிக்கையாகப் பாருங்கள்

முதன்முறை பிரயாணம் செய்கிறவர்கள் பலரும் திகைக்கின்ற இடம் இது. சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்பட்டிருக்கும். ஐக்கிய அரபு நாடுகளும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகியவை இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரோ இரண்டரை மணி நேரம் முன்னால்.

ஆகவே திருவனந்தபுரத்தில் இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்தும் துபாயில் நள்ளிரவு 12.30-க்கே இறங்கும். சீட்டைப் பார்த்தால் இரண்டரை மணி நேரப் பிரயாணம் போலத் தோன்றும். அதே போல் துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால் இங்கே விடியற்காலை 3.30-க்கு இறங்குவார்கள், ஐந்தரை மணி நேரம் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஏறத்தாழச் சமமே.

இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் மனிதர் சும்மா எழுதி வைத்தது அல்ல. திருப்புறம் ஏறக்குறைய 77 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையிலும், துபாய் 55 பாகையைச் சற்றுத் தாண்டியும் இருக்கின்றன. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். வித்தியாசத்தை நான்கால் பெருக்கினால் 87 நிமிடம் வருகின்றது. நம் முற்றத்தில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து அதே சூரியன் துபாயில் வேலை செய்யும் நம் பிள்ளையின் தலைக்கு நேரே நிற்கின்றது.

நள்ளிரவு விமானங்களில் தேதியைப் பற்றிய குழப்பமும் உண்டு. சனிக்கிழமை 00.40 என்று சீட்டில் இருந்தால், அது வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டிய விமானம். சனிக்கிழமை இரவு போய் நிற்கிறவர் ஒரு நாள் பிந்திவிட்டார். சீட்டு கையில் கிடைத்த அன்றே, "இன்ன கிழமை இரவு, இத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்" என்று தமிழில் எழுதி நாள்காட்டியில் ஒட்டி வையுங்கள்.

குடும்ப ஜெபத்திலும் இந்தக் கணக்கு வேண்டும். ஊரில் இரவு 8 மணிக்கு ஜெபம் என்றால் துபாயில் மாலை 6.30, பிள்ளை வேலைத்தலத்திலிருந்து திரும்பும் பேருந்தில் இருக்கலாம். ஊரில் 9.30 என்று வைத்தால் அங்கே 8 மணி. குளித்து, உண்டு, அமைதியாக அமர்ந்திருப்பான். ஐக்கிய அரபு நாடுகளில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறையாகவும் வெள்ளி அரை நாளாகவும் மாற்றப்பட்டது. குவைத், கத்தார், சவூதி முதலிய நாடுகளில் வெள்ளியும் சனியுமே விடுமுறை. அங்குள்ள சபைகள் வெள்ளிக்கிழமையில் கூடி ஆராதிப்பதன் காரணம் இதுவே. "ஞாயிற்றுக்கிழமை ஏன் ஆலயத்துக்குப் போகவில்லை?" என்று தொலைபேசியில் கடிந்துகொள்ளும் முன்பு இதை நினைவில் வையுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் என்றோம். ஆனால் விமான நிலையத்தில் யாரும் குடியிருக்கவில்லை.

முன்பெல்லாம் திருப்புறத்திலிருந்து விமானம் ஏறப் போகிறவர்கள் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை வழியாகத்தான் செல்ல வேண்டும். பாலராமபுரம் சந்திப்பில் மாட்டிக்கொண்டால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு கலங்கும். இப்போது கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான புறவழிச்சாலை இந்தப் பகுதியை ஒட்டிச் செல்லுகின்றது. முக்கோலை, திருவல்லம், ஈஞ்சக்கல் வழியாகச் சாக்கைக்கு வந்துவிடலாம். வெளிநாட்டு விமானங்களுக்கான முனையம் சாக்கைப் பக்கமும், உள்நாட்டு முனையம் கடற்கரையான சங்குமுகம் பக்கமும் உள்ளன. ஓடுதளம் நடுவே இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். வாடகைக் காரில் ஏறும்போதே எந்த முனையம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த நிலையத்துக்கே உரிய ஒரு வழக்கமும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்-ஏப்ரலிலும் அக்டோபர்-நவம்பரிலும், பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த நாள்களில் மாலை தொடங்கிச் சில மணி நேரம் ஓடுதளம் மூடப்பட்டு விமான நேரங்கள் மாற்றப்படும். அந்தக் காலத்தில் பிரயாணம் வைத்திருப்பவர்கள் முந்தின நாளே நேரத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒரு மணி நேரம். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். பறக்கும் நேரம் நான்கு. துபாயில் குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருத்தல் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து தங்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம். மொத்தம் பத்தரை மணி நேரம் ஆகின்றது. மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர், வீட்டு வாசல் முதல் அறை வாசல் வரை கணக்கிட்டால் மணிக்கு 280 கிலோமீட்டர்தான் சென்றிருக்கின்றார்.

சென்னையில் இருக்கும் சகோதரி எழும்பூரில் மாலையில் அனந்தபுரி ரயில் ஏறினால் ஓர் இரவு முழுவதும் கடந்து மறுநாள் காலைப்பொழுதில்தான் குழித்துறையில் இறங்குவாள். ஆகவே ரயிலில் வரும் சென்னைச் சகோதரியும் விமானத்தில் வரும் துபாய்ச் சகோதரனும் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தில் ஊர் வந்து சேர முடியும். வழி திறந்திருக்கும்போது மாத்திரம் இந்தக் கணக்கு செல்லும்.

வழி அடைபட்ட நாள்கள்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அங்கிருந்த இந்தியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சொந்த ஊருக்குப் போகும் ஆகாய வழி ஒரே நாளில் மூடிப்போயிற்று. குவைத்திலிருந்து திருவனந்தபுரம் நான்கைந்து மணி நேரப் பறப்புத்தான். ஆனால் அவர்கள் ஈராக் வழியாகப் பாலைவனச் சாலையில் ஜோர்டான் நாட்டுக்குப் போய், தலைநகர் அம்மானில் கூடாரங்களிலும் முகாம்களிலும் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை ஏர் இந்தியா 488 முறை பறந்து 1,11,000-க்கும் மேற்பட்டவர்களை 4,117 கிலோமீட்டர் தூரமுள்ள பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்து ரயிலிலும் பேருந்திலும் ஊர் வந்தவர்கள் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பக்கத்திலும் உண்டு. கையில் ஒரு பையோடு வந்திறங்கியவர்களுக்குக் கிலோமீட்டர்க் கணக்கு ஒரு பொருட்டாக இருந்திராது.

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக இந்தியாவுக்கு வரும் பயணிகள் விமானங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. மே 7 அன்று அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் முதல் மீட்பு விமானங்கள் வந்தன. வழக்கமான சர்வதேச விமானங்கள் முழுவதுமாகத் திரும்பத் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்று. அந்த இடைக்காலத்தில் தகப்பனையோ தாயையோ தொலைபேசித் திரையில் பார்த்துப் பிரியாவிடை கொடுத்தவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்!

2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையில் துபாய் விமான நிலையத்தின் ஓடுதளங்களில் வெள்ளம் நின்று நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. வழியில் பறந்துகொண்டிருந்த விமானங்கள் திரும்பிப் போயின. ஆகவே எவ்வளவு சமீபமான ஊரானாலும், "நினைத்தால் நான்கு மணி நேரத்தில் வந்துவிடுவான்" என்று முதியோருக்கு வாக்குக் கொடாதிருப்பது நல்லது.

துக்கச் செய்தி வரும்போது

அன்பான வாசகர்களே, இந்தக் கணக்குகள் யாவும் எதற்காக என்று கேட்பீர்கள். எல்லையோரக் கிராமங்களில் ஒவ்வொரு மரண வீட்டிலும் முதலாவது எழும் கேள்வி ஒன்று உண்டு: "வெளியே இருக்கிற மோன் எப்போது வருவான்? அடக்கத்தை எத்தனை மணிக்கு வைப்பது?" பிரீசர் பெட்டி கொண்டுவரப்படும், ஊழியக்காரரும் மூப்பர்களும் முற்றத்தில் அமர்ந்து பேசுவார்கள். அப்போது ஒருவர், "துபாய் நான்கு மணி நேரந்தானே, மாலைக்குள் வந்துவிடலாமே!" என்பார். அந்த வார்த்தையால் உடன்பிறந்தவர்களுக்குள் வருஷக்கணக்கில் மனவருத்தம் வந்ததுண்டு.

நிதானமாகக் கணக்கிடுங்கள். ஊரில் காலை 5.30-க்கு உயிர் பிரிகின்றது. துபாயில் அப்போது மணி 4. அந்தப் பிள்ளை முதலாவது அழ வேண்டும். அலுவலகம் திறந்தபின் விடுப்புக்கு அனுமதி பெற வேண்டும். கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். அதன் காலம் முடிந்திருக்கக் கூடாது. அன்றைய விமானத்தில் இடம் இருக்க வேண்டும். கடைசி நேரச் சீட்டின் விலையைக் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும். எல்லாம் கூடிவந்து அன்றிரவு 10 மணி விமானத்தில் ஏறினால், இங்கே 3.30-க்கு இறங்கி, 5.30-க்கு வீடு சேருவான். செய்தி கேட்ட நேரம் முதல் சரியாக ஒரு நாள். ஆகவே அடக்கம் மறுநாள் முற்பகலில் என்றால் அவனால் வர முடியும். அன்று மாலையே என்றால் முடியாது. லண்டனிலிருந்து மாறி ஏறி வருகிறவருக்கு இன்னும் அரை நாளோ ஒரு நாளோ கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடும். கத்தாரில் வெளிநாட்டுத் தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2018-இல் பெரும்பாலோருக்கு நீக்கப்பட்டு, 2020-இல் வீட்டுப் பணியாளருக்கும் நீக்கப்பட்டது. சவூதியில் 2021 மார்ச் முதல் அந்த விதி தளர்த்தப்பட்டது. குவைத்திலோ, தனியார் நிறுவன ஊழியர்கள் நாட்டைவிட்டுப் போகுமுன் முதலாளியின் அனுமதியை இணையவழியில் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குவைத்தில் இருக்கும் மகனுக்கு நான்கைந்து மணி நேரப் பறப்புக்கு முன்னால் இப்படி ஓர் அனுமதியும் உண்டு என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிந்திருந்தால், "மனமில்லாதவன், அதனால்தான் வரவில்லை" என்று சொல்லமாட்டார்கள்.

அங்கேயே ஒருவர் இறந்துபோனால் தூரம் இன்னும் நீளுகின்றது. மருத்துவமனை அறிக்கை, காவல்துறை அனுமதி, மரணச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தில் பதிவும் கடவுச்சீட்டு ரத்தும், உடலைப் பதப்படுத்திய சான்று, விமானத்தில் சரக்குப் பதிவு என்று ஒவ்வொரு காகிதமாக வர வேண்டும். இயற்கை மரணமானால் சில நாள்களில் முடியலாம்; விபத்தானால் விசாரணையால் தாமதிக்கும். இந்தச் செலவைத் தாங்க இயலாத ஏழைக் குடும்பங்களுக்கு உதவ, 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கின்றது. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் விமான நிலையத்திலிருந்து வீடு வரை இலவச ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்கின்றது. எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தார் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை அணுக வேண்டும். குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருக்கின்றது என்பது அந்த நேரத்தில் முக்கியமாகிவிடும்.

முன்னதாகச் செய்து வைக்க வேண்டியவை

விமானத்தின் வேகத்தைக் கூட்ட நம்மால் ஆகாது. மற்றக் காரியங்களில் பல நம் கையில் இருக்கின்றன.

வெளிநாட்டில் இருப்பவர்களே, உங்கள் கடவுச்சீட்டிலும் குடியிருப்பு அனுமதியிலும் எப்போதும் ஆறு மாதக் காலமாவது மீதம் இருக்கட்டும். ஒரு வழிச் சீட்டுக்கான பணத்தை எந்தச் செலவுக்கும் தொடாமல் தனியே வையுங்கள். உங்கள் நிறுவனத்தில் அவசர விடுப்புக்கு யாரிடம் கேட்க வேண்டும், வெளியேற எந்த அனுமதி வேண்டும் என்பதை இன்றே விசாரித்து, ஊரில் ஒருவருக்குத் தெரிவியுங்கள். கடவுச்சீட்டு, விசா, அங்கே நம்பத்தக்க இரண்டு நண்பர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றின் நகல் ஊரில் உள்ள வீட்டிலும், சென்னையில் உள்ள சகோதரியிடமும் இருக்கட்டும்.

ஊரில் இருப்பவர்களே, பெற்றோர் சுகமாக இருக்கும்போதே அவர்களிடம் அன்பாகக் கேட்டு வையுங்கள்: பிள்ளைகளுக்காகக் காத்திருக்க வேண்டுமா, காத்திருந்தால் எத்தனை நாள்? பெரும்பாலான முதியவர்கள் தெளிவாகவே பதில் சொல்லுவார்கள். அந்தப் பதிலைக் குடும்பத்தார் எல்லாருக்கும் அறிவித்துவிட்டால் மரண வீட்டில் வாக்குவாதம் எழாது. வர இயலாதவரைத் தொலைபேசிக் காட்சி வழியாக அடக்க ஆராதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் இரண்டு வார்த்தை பேச நேரம் கொடுங்கள். பின்பு அவர் விடுப்பில் வரும்போது கல்லறைத் தோட்டத்துக்கு அவரோடு கூடச் செல்ல ஒருவர் ஆயத்தமாக இருங்கள். அன்றைக்குத்தான் அவர் தன் தகப்பனை அடக்கம் செய்கின்றார்.

நகரங்களில் இருப்பவர்களே, நடுவில் இருக்கும் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டில் இருப்பவன் வர ஒரு நாள் ஆகும். உங்களில் பலருக்கு ஓர் இரவு ரயில் போதும், எந்த அனுமதியும் வேண்டியதில்லை. அவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகின்றான் என்றால், நீங்கள் வருடத்துக்கு நான்கு முறையாவது போகலாம். தாயின் மருந்துச் சீட்டைப் பார்த்து, வீட்டுக் கூரையைப் பார்த்து, அவனுக்கு உண்மை நிலையை எழுதுங்கள். சுகவீனத்தை மறைத்து வைத்துக் கடைசி நாளில் அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பத்து நாள் முன்பே அறிந்தால் அவன் விடுப்புக் கேட்கவும், மலிவான சீட்டு எடுக்கவும், தாய் கண் திறந்து பார்க்கும்போதே வந்து சேரவும் வழியுண்டு.

இந்த மாதம் ஒரு நாள் மாலை குடும்பமாக உட்காருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையையும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊரில் 9.30, துபாயில் 8 மணி. ஒரு தாளில் எல்லாருடைய ஊரையும், வீடு வந்து சேர ஆகும் உண்மையான நேரத்தையும், அதற்கு வேண்டிய காகிதங்களையும் எழுதுங்கள். அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைக்காமல், அனைவர் கண்ணிலும் படும்படி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள். கர்த்தர் உங்கள் வீட்டாரின் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்வாராக.